புல்லட் 350-இல் 500 என்ஜின் ஏற்றினால் எந்த கார்புரேட்டர், எப்படி டியூன் செய்வது?

கேட்டவர் பழைய வார்ப்பிரும்பு பிளாக் புல்லட் 350-இல் 500 என்ஜினை ஏற்றிவிட்டு, இருக்கிற 24 மி.மீ. மிக்கார்ப் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்; மி.மீ. என்பது அதன் வாயின் விட்டம்) போதுமா, இல்லை 32, 34 என்று பெரிதாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். நானும் இதே வேலையைச் செய்து, நடுவில் ஒரு 34-ஐ மாட்டிக் கையைச் சுட்டுக்கொண்டவன். அதனால் சொல்கிறேன்: 28 போடுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள்.

கணக்கு எளிது. இரண்டு என்ஜினிலும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ.தான். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், மட்டும் 70-இலிருந்து 84 ஆகிறது, அதாவது 1.2 மடங்கு. எட்டும் ஆர்பிஎம்மில் பெரிய வித்தியாசம் இல்லாததால் கார்புரேட்டர் வாயையும் அதே அளவு பெருக்கினால் போதும்: 24-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 28.8. கம்பெனியே 500-க்கு 28-ஐத்தான் கொடுத்தது.

24-ஐ அப்படியே விட்டால் வண்டி ஓடாதா? நன்றாகவே ஓடும். ஸ்டார்ட்டிங், ஸ்லோ (ஆக்சிலேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடுவது), ஊருக்குள் பிக்கப் எல்லாம் அருமையாக இருக்கும். எழுபது கி.மீ. வேகத்தைத் தாண்டினால்தான் மூச்சு முட்டும். இங்கே பலர் "என்ஜின் பெரிசு, அதனால் ஜெட்டும் பெரிசு" என்று அதே 24-இல் பெரிய மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) திணிப்பார்கள். அது தப்பு. பெரிய என்ஜின் அதே சின்ன வாயில் காற்றை இன்னும் வேகமாக இழுக்கும், அந்த வேகமே பெட்ரோலையும் கூடுதலாக உறிஞ்சிவிடும். உண்மையில் வாயைப் பெரிதாக்கும்போதுதான் காற்றின் வேகம் குறைந்து, உறிஞ்சும் பலமும் குறைந்து, பெரிய ஜெட் தேவைப்படுகிறது. என் 34 அதனால்தான் படுத்தியது. கிக்கரை உதைக்கும் வேகத்துக்கு அதில் பெட்ரோலே ஏறவில்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரைத் திருகினால் ஒரு நொடி "ம்ம்ம்" என்று யோசித்துவிட்டுத்தான் கிளம்பும்.

ஜெட்டைத் தொடுவதற்கு முன் டேப்பெட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (பொறியைத் தூண்டும் தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்), ஏர் ஃபில்டர் நான்கையும் சரிசெய்யுங்கள். அப்புறம் மேனிஃபோல்டு, அதாவது கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் குழாய். ஒரு மெக்கானிக் பேச்சைக் கேட்டு மூன்று நாள் ஜெட் மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்லோ நிற்கவே இல்லை, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்டாசு. கடைசியில் பார்த்தால் மேனிஃபோல்டு ரப்பரின் அடியில் நகக்கீறல் அளவு வெடிப்பு. சூடாகாத என்ஜினை ஸ்லோவில் விட்டு, அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது.

டியூனிங்கில் மெயின் ஜெட்தான் முதலில். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட், காலிலிருந்து முக்கால் வரை நீடில் (ஸ்லைடில் தொங்கும் ஊசி), அதற்கும் கீழே ஸ்லைடு (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் அடைப்பு), அடியில் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். எந்தக் கோட்டில் மிஸ் அடிக்கிறது என்று தெரிந்தால் எதை மாற்றணும் என்பது தெரிந்துவிடும்.

காலியான ரோட்டில் புது பிளக் போட்டு, மூன்றாவது கியரில் முழுசாகத் திருகிச் சிறிது தூரம் போய், கிளட்சைப் பிடித்துக்கொண்டே சாவியை அணைத்து உருட்டி நிறுத்துங்கள். பிளக்கின் பீங்கான் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, புகைக்கரி படிந்திருந்தால் அதிகம். காபிப்பொடி நிறத்துக்குப் பக்கத்தில் வந்தால் சரி. நான் 110 எண் மெயின் ஜெட்டில் தொடங்கி 120-இல் நின்றேன். சைலன்சரும் ஃபில்டரும் மாறினால் உங்கள் எண்ணும் மாறும். இப்போது வரும் இ20 பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடவே வேண்டும், அதனால் சந்தேகம் வந்தால் ஒரு எண் பெரிய பக்கமே சாயுங்கள். வெள்ளை பிளக்கோடு நெடுந்தூரம் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கரிப் பிளக்கால் பெரும்பாலும் பெட்ரோல் காசுதான் போகும்.

நீடிலின் மேல்முனைப் பள்ளங்களில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். ஏர் ஸ்க்ரூ கடைசி: மெதுவாக முழுக்க உள்ளே திருகிவிட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, ஸ்லோ அதிகம் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்தால் ஸ்லோ ஜெட் சின்னது. இரண்டரையைத் தாண்டினால் பெரியது.

என்ஜின் மாற்றத்தை ஆர்சியில் பதிந்துவிடுங்கள், இல்லையென்றால் இன்சூரன்ஸ் கேட்கும்போது தொல்லை. அப்புறம் நீடில் கிளிப்பைக் கழற்றும்போது கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு கிளிப்பைத் தொலைத்துவிட்டேன், ஒன்று இன்னும் எங்கள் வீட்டுச் செம்பருத்திச் செடிக்கடியில்தான் எங்கோ கிடக்கிறது.