புதுப் படத்தை எங்கே செருகுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பார்த்த படங்களைத் தரவரிசைப்படுத்தி ஒரு கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறேன். இப்போது 340 படங்கள். பாதிக்கு மேல் தமிழ், மிச்சம் மலையாளமும் வெளிநாட்டுப் படங்களும். இன்னொரு தாளில் ‘பார்க்க வேண்டியவை’. சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகையின் 2022 சிறந்த படங்கள் பட்டியலில் இருந்த நூறையும் அப்படியே அதில் கொட்டினேன். இப்போது 900-ஐத் தாண்டிவிட்டது, திறக்கவே அலுப்பாக இருக்கிறது.

புதிதாக ஒரு படம் பார்த்தால் அது எப்படியோ முதல் இருபதுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நடுவில் ஒரு வரி செருகினால் கீழே உள்ள எண்களை எல்லாம் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது. பார்த்த படங்களைப் பதிந்து வைக்கும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். இரண்டு ‘விக்ரம்’ குழம்பிவிட்டன, ‘விசாரணை’க்கு நான் போட்ட ஆண்டு ஒத்துப்போகவில்லை. பாதியில் விட்ட படங்களை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டுமா?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

அழிக்க வேண்டாம். 340 படங்களின் வரிசையில் உங்கள் பல வருட உழைப்பு இருக்கிறது. மாற்ற வேண்டியது படத்தை உள்ளே விடும் முறையைத்தான்.

தியேட்டரை விட்டு வெளியே வந்த கையோடு ‘இது எத்தனையாவது?’ என்று கேட்டால் யாருக்கும் சின்ன எண்தான் வாயில் வரும். பின்னணி இசை இன்னும் காதில் இருக்கும். ஒப்பிட வேண்டிய படங்களோ எப்போதோ பார்த்தவை. அதனால் இடத்தை நேரடியாகக் கேட்காதீர்கள். ‘இதுவா, அதுவா?’ என்று மட்டும் கேளுங்கள். அகராதியில் சொல் தேடுகிற மாதிரி பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் இடம் அகப்பட்டுவிடும்.

உங்கள் பட்டியலிலேயே செய்து காட்டுகிறேன். நடுவில் இருப்பது 170-வது படம். புதுப் படம் அதைவிட மேல் என்றால் கீழ்ப்பாதியை மறந்துவிடலாம். அடுத்து 85-வது. அதைவிடக் கீழ் என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் 127. அதைவிட மேல். 106, அதைவிடக் கீழ். 116, மேல். 111, கீழ். 113, மேல். கடைசியாக 112, கீழ். எட்டே கேள்வியில் படம் 112-க்கும் 113-க்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது. எப்படிப் போனாலும் 340 படங்களுக்கு ஒன்பது கேள்விக்கு மேல் தேவைப்படாது. பட்டியல் 500 ஆனாலும் அதே ஒன்பதுதான்.

இந்த முறையில் ஒரு ஆபத்து உண்டு. முதல் கேள்வியில் தவறினால் பின்னால் எத்தனை சரியாகச் சொன்னாலும் திருந்தாது. 170-வது படத்தைவிட மேல் என்று அவசரத்தில் சொல்லிவிட்டால், நியாயமாக 200-ல் இருக்க வேண்டிய படம் 170-க்கு மேலேயேதான் எங்காவது நிற்கும். ஆகவே முதல் மூன்று கேள்விகளுக்கு மட்டும் நடுப்படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். 170-ல் இருப்பது ஒரே ஒரு தடவை பார்த்து, முடிவுகூட மறந்துபோன படம் என்றால், அதற்கு நாலைந்து இடம் மேலோ கீழோ நன்றாக நினைவிருக்கும் ஒன்றை எடுங்கள். மிஞ்சிப்போனால் ஒரு கேள்வி கூடும், அவ்வளவுதான். இப்படி நம்பகமான ஏழெட்டுப் படங்களுக்கு நிறம் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவைதான் உங்கள் மைல்கற்கள். மைல்கல்லாக இருக்க நல்ல படமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, தெளிவாக நினைவிருக்க வேண்டும்.

இடம் கிடைத்ததும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அண்டை வீட்டுப் படங்களோடு ஒரு தடவை சரிபாருங்கள். சில சமயம் முதல் படம் இரண்டாவதைவிட மேல், இரண்டாவது மூன்றாவதைவிட மேல், ஆனால் மூன்றாவது முதலாவதைவிட மேல் என்று சுற்றிக்கொண்டு வரும். ஒப்பிடும்போது அளவுகோல் மாறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ‘காதலிக்க நேரமில்லை’யையும் ‘உதிரிப்பூக்கள்’ளையும் எதிரெதிரே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மறுபடி போட்டுப் பார்க்க எது என்றால் பலரும் முதலாவதைச் சொல்வார்கள். எது பெரிய படம் என்றால் அதே ஆட்கள் இரண்டாவதைச் சொல்லக்கூடும். இரண்டும் சரியான பதில்தான், ஒரே பட்டியலுக்குள் இரண்டையும் கலப்பதில்தான் கோளாறு. எந்தக் கேள்விக்கான வரிசை இது என்று தாளின் முதல் வரியில் ஒரு வாக்கியமாக எழுதி, அந்த வரி நகராமல் உறையவைத்துவிடுங்கள்.

புதுப் படத்தை உடனே உள்ளே விடாதீர்கள் என்பது அடுத்தது. ‘காத்திருப்பு’ என்று தனித் தாள் போட்டு, பார்த்த தேதியோடு அங்கே வையுங்கள். 30 நாள் ஆன பிறகு இடம் தேடுங்கள். தமிழ்ப் படங்கள் பலவும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. சந்தேகமான ஒரு காட்சியை அப்போது மறுபடி ஓட்டியும் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் முதல் காட்சி பார்த்த படங்களுக்கு இந்த ஒரு மாதம் மிக அவசியம். விசில் சத்தத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் நீங்கள் அளக்க வேண்டும்.

நட்சத்திரம் கொடுக்கும் பழக்கமும் இருந்தால் வேலை இன்னும் குறையும். நாலு நட்சத்திரப் படங்கள் அறுபது என்றால் அந்த அறுபதுக்குள் மட்டும் தேடினால் போதும், ஆறு கேள்வியில் முடிந்துவிடும். ஆனால் நட்சத்திரமே தவறாகப் போட்டிருந்தால் மேலே சொன்ன முதல் கேள்விக் கோளாறுதான் இங்கேயும் வரும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 237-வது படத்துக்கும் 238-வது படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. நூறாவது இடத்துக்குக் கீழே எண்ணே வேண்டாம், ‘நன்று’, ‘ஒருமுறை பார்க்கலாம்’, ‘நேரம் வீண்’ என்று மூன்று கட்டு போதும் என்பது என் கட்சி. எண்தான் சுவாரஸ்யம் என்றால் உங்கள் இஷ்டம்.

இனி ஷீட். ஒவ்வொரு தடவையும் எண்களை மாற்றுகிற வேலை, தரவரிசை எண்ணை நீங்களே கையால் எழுதுவதால் வருகிறது. அதற்குப் பதில் ‘சாவி’ என்று ஒரு பத்தி (நெடுவரிசை) போடுங்கள். முதல் படத்துக்கு 100, அடுத்ததற்கு 200, 300 என்று நூறு நூறாக இடைவெளி விட்டு நிரப்புங்கள். 112-வது படத்தின் சாவி 11200, 113-வது படத்தின் சாவி 11300 என்றால், நடுவில் வரும் படத்துக்கு 11250. வேறு எந்த வரியையும் தொட வேண்டாம். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப நுழைத்தாலும் 11225, 11212 என்று ஆறு தடவை தாங்கும். நெருக்கடி வந்தால் சாவிகளை மட்டும் மறுபடி நூறு நூறாக நிரப்பிக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியும் தரவரிசை எண்ணை, பக்கத்துப் பத்தியில் ரேங்க் (RANK) சூத்திரம் போட்டுச் சாவியிலிருந்து வரவழையுங்கள். அந்தச் சூத்திரத்தின் மூன்றாவது மதிப்பாக 1 கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பெரிய எண்ணை முதலிடம் என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் கடைசிப் படம் உச்சியில் ஏறி உட்காரும். சாவி எண், கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால் ஷீட் அதை எண்ணாக எடுக்கவில்லை, எழுத்தாகப் பார்க்கிறது என்று பொருள். எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி விழுந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே எழுத்து வடிவத்தில் அமைக்கப்பட்டிருக்கும். வரிசைப்படுத்தும்போது சாவிப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிடாதீர்கள். சாவிகள் இடம் மாறும், படப் பெயர்கள் அப்படியே நிற்கும். அந்த நிமிடமே கவனித்தால் ‘அன்டூ’ போதும், ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால் பழைய பதிப்பைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

‘விக்ரம்’ குழப்பத்துக்கு வருவோம். 1986-ல் ஒன்று, 2022-ல் ஒன்று. இப்படி ‘அமரன்’ 1992, 2024. ‘பொல்லாதவன்’ 1980, 2007. ‘மாவீரன்’ 1986, 2023. பெயரை நம்பித் தமிழ்ப் பட்டியல் போட முடியாது. ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘நாயகன்’ ஒன்றுக்கே இரண்டு எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் இருக்கிறது. ஐஎம்டிபி என்ற திரைப்படத் தரவுத் தளத்தில் ஒவ்வொரு படத்தின் முகவரியிலும் ‘டிடி’ (tt) என்று தொடங்கி ஏழெட்டு இலக்கம் கொண்ட எண் இருக்கும். அதை ஒரு பத்தியில் ஒட்டி வையுங்கள். லெட்டர்பாக்ஸ்ட் இறக்குமதியில் அந்த எண்ணுக்கு என்றே ஒரு தலைப்பு உண்டு. அது இருந்தால் பெயரையும் ஆண்டையும் வைத்து ஊகிக்கிற வேலை அதற்கு இல்லை.

ஆண்டுச் சிக்கலும் அதோடு தீர்ந்துவிடும். ‘விசாரணை’ 2015-ல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது, தியேட்டருக்கு வந்தது 2016 பிப்ரவரியில். ‘காக்கா முட்டை’ டொராண்டோவில் 2014, இங்கே 2015. ‘கூழாங்கல்’ 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, நம் வீட்டுக்கு ஓடிடியில் வந்தது 2023-ல். தரவுத் தளங்கள் பொதுவாக முதல் திரையிடலின் ஆண்டைத்தான் போடும். உங்கள் ‘இந்த ஆண்டின் சிறந்த பத்து’க்கு, பொதுமக்கள் பார்க்கக் கிடைத்த ஆண்டைத் தனிப் பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மொழியில் எடுத்த படங்களுக்கு என் விதி இதுதான்: நடிகர் மாறினால் இரண்டு வரி, குரல் மட்டும் மாறினால் ஒரே வரி. 2010-ல் வந்த ‘ராவண’னில் நாயகனாக வரும் விக்ரம், இந்தி ‘ராவ’ணில் போலீஸ். அதே ஆண்டின் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வுக்கும் தெலுங்கு ‘ஏ மாய சேசாவே’வுக்கும் ஜோடியும் வேறு, முடிவும் வேறு. இவை தனித்தனிப் படங்களே. ‘விடுதலை’, ‘பொன்னியின் செல்வன்’ மாதிரி இரண்டு பாகமாக வந்தவற்றையும் பிரித்தே வையுங்கள். பின்னால் சேர்ப்பது சுலபம், சேர்த்ததைப் பிரிப்பதுதான் கஷ்டம்.

எந்தப் பிரதி பார்த்தீர்கள் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பரில் வந்த சில நாட்களில் சுமார் 18 நிமிடம் வெட்டப்பட்டது. முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. யூட்யூபில் கிடைக்கும் பழைய படங்களில் பாட்டுகளை வெட்டிய பிரதிகள் ஏராளம். தரவுத் தளத்தில் உள்ள ஓட்ட நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை டிவிடியிலிருந்து ஏற்றிய பிரதி, நொடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 25 ஃப்ரேம் ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரலும் ஒரு நூல் கீச்சென்று இருக்கும். அங்கே எதுவும் வெட்டுப்படவில்லை. 150 நிமிடப் படம் 130-ல் முடிந்தால் அது வெட்டு. அந்தப் பிரதியை வைத்து இடம் கொடுக்காதீர்கள்.

900 படத் தாளுக்கு வருகிறேன். வாரம் இரண்டு பார்த்தாலும் முடிக்க ஒன்பது வருடம் ஆகும். சைட் அண்ட் சவுண்டை மொத்தமாகக் கொட்டியதில் இன்னொரு சங்கடம்: அதில் 14 நிமிடம் ஓடும் ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ இருக்கிறது, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் ‘ஷோவா’வும் இருக்கிறது. முதலிடம் பிடித்த ‘ஜான் டீல்மன்’ 201 நிமிடம். புதன்கிழமை ராத்திரி வேலை முடிந்து வந்து எதைப் போடுவது? ஓட்ட நேரம், எங்கே கிடைக்கிறது, எதற்காகச் சேர்த்தேன் என்ற மூன்று பத்திகள் இல்லாத படத்தைப் பார்க்க வேண்டிய பட்டியலில் ஏற்றாதீர்கள். ‘எதற்காக’ என்பதற்கு ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் அந்தப் படத்தை விட்டுவிடலாம். ‘எங்கே’ என்பதோடு அதைச் சரிபார்த்த தேதியையும் எழுதுங்கள், ஓடிடி உரிமைகள் சொல்லாமல் கொள்ளாமல் மாறும். 900-ஐயும் கிடங்குத் தாளுக்கு அனுப்பிவிட்டு, அதிலிருந்து பன்னிரண்டை மட்டும் முன்னால் வையுங்கள். ஒன்று பார்த்தால்தான் இன்னொன்று உள்ளே வரலாம்.

அந்த நூறின் வரிசை எண்ணை உங்கள் தாளுக்கு எடுத்துவரவும் வேண்டாம். அங்கே 1,600-க்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்குப் பத்துப் படம் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு. ஒரு படம் எத்தனை பேருடைய பத்துக்குள் வந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நீங்கள் செய்கிற ‘இதுவா, அதுவா’ வேறு கணக்கு.

மறுபடி பார்த்த படத்தை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, பழைய இடத்தைப் பார்க்காமல் புதிதாகத் தேடிச் செருகுங்கள். பழைய சாவியை ஓரமாகக் குறித்து வையுங்கள். வருடக் கடைசியில் பத்துக்கு ஒன்றாக 34 படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்கு அடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே வரிசை தலைகீழாகத் தோன்றுகிறதோ அந்தப் பத்தை மட்டும் மறுபடி அடுக்கினால் போதும்.

மாதம் ஒருமுறை ஷீட்டைச் சிஎஸ்வி (CSV) என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கி வையுங்கள். அதை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் குப்பையாகத் தெரியலாம். டேட்டா பட்டி வழியாக எழுத்துக் குறியீட்டை யுடிஎஃப்-8 (UTF-8) என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாக வரும். குப்பையாகத் தெரியும்போது மட்டும் சேமிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள்.

பாதியில் விட்டவற்றுக்குத் தரவரிசையில் இடமில்லை. தனித் தாளில் பெயர், விட்ட தேதி, எந்த நிமிடத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று நாலு விவரம். தூக்கம் வந்து நிறுத்தியதும் பிடிக்காமல் நிறுத்தியதும் ஒன்றல்ல. முதலாவது வகை காத்திருக்கும் பன்னிரண்டுக்குள் திரும்ப வரலாம். இரண்டாவது வகை அங்கேயே கிடக்கட்டும்.