9 லட்சம் என்கிறார்கள், இருந்துவிடலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் இசிஇ படித்தவர். சென்னையில் பெரிய ஐடி நிறுவனம் ஒன்றில் மூன்றரை ஆண்டாக சப்போர்ட் வேலை, சம்பளம் ஆண்டுக்கு 6.8 லட்சம். மோட்டார் கன்ட்ரோல் போர்டு செய்யும் கோவை நிறுவனம் ஒன்று எம்பெடட் பிரிவில் (கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் வேலை) 8.4 லட்சத்துக்கு அழைத்திருக்கிறது. ராஜினாமா கொடுத்த மறுவாரமே பழைய இடத்தில் 9 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். "பேர் தெரியாத கம்பெனிக்குப் போனால் நாளைக்குப் பெண் வீட்டில் என்ன சொல்வது?" என்று தாய்மாமன் வேறு.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. மாமாவின் கணக்குதான் தப்பு.

அந்த 9 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். 1 லட்சம் ரிடென்ஷன் போனஸ், அதாவது போகாமல் இருப்பதற்கான பணம்: ஒரே ஒரு முறை வருவது, 18 மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டியது. 90,000 வேரியபிள்: வந்தாலும் வரும், வராமலும் போகும். நிலையான தொகை 7.1 லட்சம். கோவைக்காரர்களின் 8.4-இல் வேரியபிள் 40,000 போக 8 லட்சம் நிலையானது. பெரிதாகத் தெரிகிற தொகையில்தான் ஆண்டுக்கு 90,000 குறைகிறது. நிறுவனம் கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (பணிக்கொடை) எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம் என்பதால் கைக்கு வருவது இன்னும் குறையும்.

அதைவிட முக்கியம், பையன் கேட்டது பணமே இல்லை. சனி ஞாயிறுகளில் எம்பெடட் வேலைக்கான மைக்ரோகன்ட்ரோலர் சில்லோடு உட்கார்ந்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 9 லட்சம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அவர் திறக்கப்போவது அதே சப்போர்ட் புகார்களின் டிக்கெட் வரிசையைத்தான். சம்பளம் ஒன்றுக்காக மட்டும் விலகியவர், உயர்வை நிலையான ஊதியமாக எழுத்தில் வாங்கிக்கொண்டு இருந்துவிடலாம். உங்கள் மகன் அந்த ரகமில்லை. இதில் அவர் சொல்வதுதான் முடிவு.

மேலாளரிடம் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்: "முடிவு எடுத்துட்டேன் சார், தேதியை மட்டும் பேசலாம்." புதிய இடத்தின் சம்பளத்தை அவரிடம் சொல்லவே வேண்டாம். சொன்னால் பேரம் தொடரும்.

வீடுகளில் யாரும் கவனிக்காதது 90 நாள் நோட்டீஸ், அதாவது ராஜினாமாவுக்குப் பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம். இருக்கச் சொல்லும் பேச்சு ஒரு நாளில் முடிவதில்லை. மேலாளர், அவருக்கு மேலே உள்ளவர், பிறகு ஹெச்ஆர் என்று மூன்று மாதமும் வரும். பலர் மனம் மாறுவது இரண்டாம் மாதத்தில்தான். ஆகவே நோட்டீஸைச் சுருக்கப் பாருங்கள்.

முதலில் நியமனக் கடிதத்தை எடுங்கள். நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டலாம் என்று இருக்கிறதா, அது நிறுவனத்தின் விருப்பமா, ஊழியரின் உரிமையா என்று பாருங்கள். நிறுவனத்தின் விருப்பம் என்றால் கேட்டுத்தான் பெற முடியும். அடுத்தது, அடிப்படைச் சம்பளத்திலா மொத்தச் சம்பளத்திலா என்பது. மாத அடிப்படை 22,000, மொத்தம் 48,000 என்று வையுங்கள். 45 நாள் வேலை செய்து, மீதமுள்ள 45-இல் 12 நாள் ஈட்டிய விடுப்பைக் கழிக்க ஒப்புக்கொண்டால் பாக்கி 33 நாள். அடிப்படையில் கணக்கிட்டால் 24,200 ரூபாய். மொத்தத்தில் என்றால் 52,800. இதன்மேல் 18% ஜிஎஸ்டி போட்டால் மறுத்துப் பேசுங்கள்: நோட்டீஸ் பிடித்தத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று மத்திய அரசின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையே தெளிவுபடுத்திவிட்டது.

வெறும் கையோடு போய்க் கேட்டால் கிடைக்காது. முதல் இரண்டு வாரத்திலேயே கையிலிருக்கும் வேலைகள், அணுகல் உரிமைகள், யாரிடம் எதை ஒப்படைப்பது என்று கேடி (வேலை ஒப்படைப்பு) பட்டியல் போட்டு அனுப்பட்டும். பாதி ஒப்படைத்த பிறகு, தேதி குறிப்பிட்டு மேலாளருக்கும் ஹெச்ஆருக்கும் ஒரே மெயிலில் கேட்கட்டும். வாய்ப்பேச்சில் கிடைத்த சம்மதம் ஆள் மாறினால் காணாமல் போகும்.

கோவை நிறுவனத்திடம் இந்த நோட்டீஸ் தொகையை ஏற்பார்களா என்று இப்போதே கேட்டு, ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் பணத்தை நாம் முதலில் கட்ட வேண்டும். ரிலீவிங் லெட்டரும் பிடித்தம் காட்டும் இறுதிக் கணக்குத் தாளும் கொடுத்த பிறகு சம்பளத்தோடு வரும். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் ஏற்காவிட்டால் 24,200 வரை கைக்காசு போடலாம். 52,800 என்றால் வேண்டாம், 90 நாளும் வேலை செய்துவிட்டே வரட்டும். இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

நான்கே முக்கால் ஆண்டை நெருங்குபவர்கள் மட்டும் நோட்டீஸைச் சுருக்கும் முன் யோசிக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. முன்கூட்டியே கிளம்பினால் அது கைநழுவலாம். உங்கள் மகனுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சொல்லாமல் நின்றுவிடுவது மட்டும் கூடாது. ரிலீவிங் லெட்டர் வராது. பழைய நிறுவனம் பிஎஃப் கணக்கில் விலகிய தேதியைப் போடவில்லை என்றால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்துத்தான் மகன் அதைத் தானே பதிய முடியும். புதிய இடத்தில் பழைய பிஎஃப் எண்ணையே (யுஏஎன்) கொடுக்கட்டும்.