புளோயர் கருகியது, கார் ஒர்க்‌ஷாப்பில் சிக்கியது

கேள்வி: என்னுடைய 1986 போர்ஷே 944 காரில் ஏசி புளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) நின்றுவிட்டது. கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 38,000 ரூபாய் கட்டி ‘புது மோட்டார்’ போட்டேன். மூன்றே வாரத்தில் கடைசி, அதாவது மிக அதிக வேகத்தில் மட்டும் ஓடியது, பிறகு கருகல் வாடை. திரும்ப விட்டால், ‘பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாது, வயரிங் மாற்ற 22,000 கொடுத்தால்தான் கார் வெளியே போகும்’ என்கிறார்கள். – சேலம் வாசகர்

பதில்: அந்த வயரிங்கை இப்போதைக்கு யாரும் தொடக் கூடாது என்று இன்றே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

குறைந்த வேகங்களுக்கு மின்சாரம், அதைக் குறைத்துவிடும் ரெசிஸ்டர் என்ற பாகத்தின் வழியாகப் போகும். கடைசி வேகத்துக்கு நேராகப் போகும். ஆகவே ரெசிஸ்டர் போயிருக்கிறது. மோட்டார் இறுகிச் சுற்றினாலோ, கண்ணாடிக்குக் கீழே உள்ள தொட்டியில் விழுந்த இலைச்சருகு விசிறிக்குள் போயிருந்தாலோ கரண்ட் கூடுதலாக இழுக்கும். அப்போது ஃப்யூஸ் போக வேண்டும். போகாமல் கனெக்டர் (வயர்களை இணைக்கும் பிளக்) உருகியிருந்தால் ஃப்யூஸின் தலையில் உள்ள எண்ணைப் படமெடுங்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ் பச்சை நிறம், 40 ஆரஞ்சு. கார் கையேட்டில் உள்ளதைவிட அதிகம் என்றால், போட்டவர் ஒர்க்‌ஷாப்காரர்தான் என்பதை நிலைநாட்டினால் போதும், சேவைக் குறைபாடு தெளிவு. ஃப்யூஸ் சரியாக இருந்தால் ‘நாற்பது வருட கனெக்டர், உள்ளே உள்ள ஊசி (pin) தளர்ந்துவிட்டது’ என்பார். வழக்கு கொஞ்சம் மெலியும். ஆனாலும் மோட்டாரை மாற்றியவர் கனெக்டரைப் பார்த்திருக்க வேண்டாமா? கழற்றிய பழைய மோட்டாரையும் கேளுங்கள். தர மறுத்தால், ‘புது’ மோட்டார் பற்றிய சந்தேகத்தையும் நுகர்வோர் ஆணைய மனுவில் சேர்க்கலாம். உரிமம் பெற்ற வாகன சர்வேயரிடம் அறிக்கையும் பிரமாண வாக்குமூலமும் வாங்குங்கள்.

காரைப் பிடித்து வைப்பது பற்றி: ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170, செய்து முடித்த வேலையின் பாக்கிக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது. நீங்கள் சம்மதிக்காத, இன்னும் செய்யாத வேலையின் எஸ்டிமேட்டுக்கு இல்லை. அவசரமென்றால் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டிவிட்டு எடுக்கலாம். நான் அதை விரும்ப மாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 38(8)இல், மனுவோடு சேர்த்து, காரை விடச் சொல்லி இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயமில்லை, ஆனால் பாதி வழக்கு அதிலேயே முடியும். மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமில்லை. கெடு இரண்டு ஆண்டு. பில் தரவில்லை என்றால் அதுவே நியாயமற்ற வணிக நடைமுறை. ‘கேரண்டி இல்லை’ என்ற வரியை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று மட்டும் வாதிடாதீர்கள். அது மாநில ஆணையத்துக்குப் போகும் விஷயம். வாட்ஸ்அப் பதிவுகளோடு, மின்னணுப் பதிவுகளுக்குத் தேவையான பாரதிய சாட்சியச் சட்டம், 2023, பிரிவு 63 சான்றிதழை இணையுங்கள்.

காரை சினிமா, கல்யாண வாடகைக்கு விடுகிறீர்களா? அப்படியென்றால் ‘வணிக நோக்கம், ஆகவே நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்ற ஆட்சேபம் வரும். மனு எழுதும் முன்பே வக்கீலிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.