ஸ்ப்ளெண்டர் எஞ்சினை சைக்கிள் ஃப்ரேம் தாங்குமா?

ஈரோட்டுப் பக்கம் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி: "பழைய இரும்புக் கடையில் ஓடும் நிலையில் ஒரு ஸ்ப்ளெண்டர் எஞ்சின் கிடைத்தது. வீட்டில் இருக்கும் 22 அங்குல சைக்கிள் ஃப்ரேமை நடுவில் வெட்டி இதைப் பொருத்த ஆசை. பெடலும் இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?"

பின் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள் தம்பி. எஞ்சினை எங்கே உட்கார வைப்பது என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். ஆனால் எஞ்சினின் இடத்தை முடிவு செய்வது செயின். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் சுற்றும் பல்சக்கரம்) பல்லோடு ஒட்டி ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டின் பல்லும் அதே நூலில் உட்கார வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் விலகினால்கூட செயின் பக்கவாட்டில் தேய்ந்து, ஒருநாள் கழன்று சக்கரத்தில் சிக்கும்.

சைக்கிள் செயினையே போட்டுவிடலாமே என்று தோன்றும். இரண்டிலும் கண்ணி நீளம் அரை அங்குலம்தான், அதனால் பார்த்தால் பொருந்துவது போலவே இருக்கும். ஆனால் சைக்கிள் செயினின் உள்ளகலம் கால் அங்குலத்தில் பாதி. ஸ்ப்ளெண்டரில் வரும் 428 செயினுக்கு அதைப்போல இரண்டரை மடங்கு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வேலை செய்யாது.

இழுவையைக் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர், 40 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். முதல் கியரில் டயர் ரோட்டை 40 கிலோ விசையோடு தள்ளினால், செயினில் 150 கிலோ இழுவை விழும். அது முழுக்க எஞ்சின் போல்ட்டுகளுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் இருக்கும் பைப்பில்தான் ஏறும். ஆள் மிதிக்கும் பலத்துக்குச் செய்த மெல்லிய பைப் அதற்குத் தாங்காது. அதனால் வீட்டு சைக்கிளை வெட்ட வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள சீம்லெஸ் (ஒட்டு இல்லாத) பைப்பில், எஞ்சினைச் சுற்றிப் புது ஃப்ரேம் கட்டுங்கள். மவுண்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் தகடு, மூலைகளில் முக்கோணத் தகடு. பைப்பைச் சுற்றி யூ கிளாம்ப் போட்டு எஞ்சினைத் தொங்கவிடாதீர்கள். அதிர்வில் கிளாம்ப் நழுவும், கூடவே செயின் நேர்கோடும் போய்விடும்.

சக்கரம், ஃபோர்க், பிரேக் மூன்றையும் பழைய மொபெட்டிலிருந்தோ பைக்கிலிருந்தோ எடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேகம் 15 கிலோமீட்டரிலிருந்து 45 ஆனால், பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் ஒன்பது மடங்கு. ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டை அதற்குப் போதாது.

பெடல் ஆசையை விட்டுவிடச் சொல்வேன். ஸ்ப்ளெண்டர் கிரேங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்பாக உலோகக் கூடு) அகலத்துக்கு சைக்கிளின் பெடல் அச்சு எட்டாது. கிக்கர் வலப்பக்கம் சுற்றி வரும்போது பெடலில் இடிக்கும். பைக் சக்கரத்தில் இடப்பக்கம் ஸ்ப்ராக்கெட், வலப்பக்கம் பிரேக் டிரம் இருக்கும், பெடல் செயின் சுற்றும் ஃப்ரீவீல் மாட்ட இடமே இல்லை. கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் போதும்.

எஞ்சினின் சாய்வை மாற்றாதீர்கள். இதன் சிலிண்டர் ஏறக்குறைய படுத்த நிலையில் முன்னோக்கி நீளும். நீளத்தை மிச்சம் பிடிக்க நிமிர்த்தி வைத்தால், எண்ணெய் நிற்கும் இடம் மாறிவிடும், கார்புரேட்டரின் மிதவை அளவும் கெடும். ஓடும் ஸ்ப்ளெண்டர் ஒன்றை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மவுண்ட் போல்ட்டுகளின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் கார்புரேட்டருக்கு மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் பெட்ரோல் தானாக இறங்கும்.

வெல்டிங்கில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு வண்டியில் எஞ்சினை மாட்டியபடியே மவுண்டைப் பற்றவைத்தேன். எர்த் கிளாம்ப் தூரத்தில் இருந்ததால் கரண்ட் எஞ்சின் வழியாகப் பாய்ந்து பேரிங்கைத் தின்றுவிட்டது. நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, உறுமத் தொடங்கியது. அதன்பிறகு காலி கிரேங்க்கேஸை மட்டும் போல்ட் போட்டுப் பிடித்து, நாலு இடத்தில் வெல்டிங் புள்ளி வைத்து, பிறகு பக்கம் மாற்றி மாற்றிப் பற்றவைக்கிறேன். ஒரே பக்கம் நீளமாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு இழுத்துக்கொண்டு போல்ட் துளை விலகிவிடும்.

இனி சட்டம். இந்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் எஞ்சின் 25 சிசி-க்குள் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. உங்களுடையது 97 சிசி. பதிவு வேண்டும், பட்டறையில் ஒரே ஒரு வண்டியாகக் கட்டியதைப் பதிவு செய்ய வழியில்லை. கல்லூரி மைதானம், சொந்தத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கடையில் பில் கேட்டு வாங்குங்கள், அந்த எஞ்சின் எண் யாருடைய ஆர்.சி.யிலோ இருக்கும். சாலையில்தான் ஓட்ட வேண்டும், பெடலும் வேண்டும் என்றால், 25 சிசி-க்குள் ஒரு புல்வெட்டி எஞ்சினைப் பாருங்கள். அதற்கு நல்ல சைக்கிள் ஃப்ரேமே போதும்.

முதல் ஓட்டத்துக்கு முன் எல்லா ஜாயின்ட்டிலும் மெல்லிசாக வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் கருப்பு நூல் போலத் தெரியும். குறிப்பாக எஞ்சினின் பின் போல்ட்டுக்கு மேலே பாருங்கள், முதலில் விடுவது அங்கேதான்.