மாதம் ஒரு ஊசி, இரண்டு கிளிக்

கேள்வி: ரிலாப்ஸ் (விட்டுவிட்டு நோய் தாக்கும்) வகை எம்எஸ்ஸுக்கு (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்), மாதம் ஒருமுறை நானே போட்டுக்கொள்ளும் பயாலஜிக் (உயிருள்ள செல்களில் தயாரிக்கும்) ஊசியை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அது உடம்பில் என்ன செய்யும்? போடுவது கஷ்டமா?

நான் போட்டுக்கொள்வது ஒஃபாடுமுமாப், கெசிம்ப்டா என்ற பெயரில் வருவது. உங்களுடையதும் இதுதானா என்று சீட்டில் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெயரைத் தேடினால் முதலில் ரத்தப் புற்றுநோய் என்று வரும். நானும் அதைப் படித்துவிட்டு ஒரு ராத்திரி தூங்கவில்லை. மருந்து அதேதான், 2009இல் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்குத்தான் அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த நோய்க்கு ஒரு தடவைக்கு 2000 மில்லிகிராம் வரை டிரிப்பில் ஏற்றினார்கள். நமக்கு 20 மில்லிகிராம், தோலுக்கு அடியில். எம்எஸ்ஸுக்கு அனுமதி வந்தது 2020இல்.

எம்எஸ்ஸில் நம் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பின் மேலுறையை அரிக்கிறது. அந்த வேலையில் பி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றின் மேல் சிடி20 என்று ஓர் அடையாளம் இருக்கும். மருந்து அதைப் பிடித்துக்கொண்டு அந்தச் செல்லை அழிக்கவைக்கிறது. பி செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்லிலும், எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்லிலும் அந்த அடையாளம் கிடையாது. அதனால் பழைய எதிர்ப்பு சக்தி ஒரேயடியாகப் போய்விடாது. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் பி செல்லும் திரும்ப வரும். ஆனாலும் தொற்று வர வாய்ப்பு கூடும், காய்ச்சலை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஒன்றை மட்டும் யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். என் இடது பாதம் மரத்துப்போனது. ஒவ்வொரு ஊசிக்கும் அப்புறம் காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன், உணர்ச்சி வந்ததா என்று. மூன்றாவது மாதம் மருத்துவரிடம் கேட்டே விட்டேன். "அதுக்கு இந்த ஊசி இல்லைம்மா, அடுத்த ரிலாப்ஸ் வராம இருக்கத்தான்" என்றார். எம்எஸ்ஸுக்கே கொடுக்கும் டெரிஃப்ளூனோமைடு மாத்திரையோடு ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகளில் ஆண்டுக்குச் சராசரி ரிலாப்ஸ், ஒன்றில் மாத்திரைக்கு 0.22, ஊசிக்கு 0.11, மற்றதில் மாத்திரைக்கு 0.25, ஊசிக்கு 0.10 என்று வந்தது. அதாவது மாதாமாதம் ஊசி போட்டு, ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் பலன். மனசுக்கு இது பழக எனக்கு நாளானது.

ஆரம்பிக்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம், ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள்) அளவும் பார்ப்பார்கள். தடுப்பூசி பாக்கி இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்: உயிருள்ள கிருமி வகை என்றால் நான்கு வாரம் முன்னதாக, மற்றவை முடிந்தால் இரண்டு வாரம் முன்னதாக. கர்ப்பம் பற்றிய யோசனை இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று ஊசி வாரம் ஒன்று. அடுத்த வாரம் கிடையாது. அதற்கடுத்த வாரம் ஒன்று போட்டு, அங்கிருந்து மாதம் ஒன்று. அந்த நடுவாரத்தில் நான் மறந்துவிட்டேனோ என்று பதறி நர்ஸுக்கு போன் போட்டது தனிக்கதை. முதல் ஊசி அன்று சாயங்காலம் குளிர் ஜுரம், உடம்புவலி. விடிந்ததும் போய்விட்டது, இரண்டாவதிலிருந்து அதுவும் இல்லை.

போடுவது? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி, அரை மணி நேரம் வெளியில் வையுங்கள். அவசரப்பட்டுச் சில்லென்று போட்டால் எரியும். தொடை அல்லது வயிறு, தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டு. பேனா மாதிரி இருக்கும் ஊசியைச் செங்குத்தாக அழுத்தியதும் ஒரு கிளிக், அது ஆரம்பம்தான். சில விநாடியில் இரண்டாவது கிளிக், கிட்டத்தட்ட முடிந்தது. அதிலுள்ள சின்ன ஜன்னலில் பச்சை நிரம்பி அசையாமல் நிற்கும்வரை எடுக்கக் கூடாது. நான் முதல் கிளிக்கிலேயே எடுத்துவிட்டேன், மருந்து பாதி தொடையில் வழிந்தது. அப்படி ஆனால் நீங்களாக இன்னொன்று போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். இப்போதெல்லாம் பச்சை நின்ற பிறகும் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் எடுக்கிறேன்.