“பாஸ் என்று போடுங்கள்” என்கிறார் மேலாளர்: ஆழ்கடல் ரிக்கில் ஒரு கையெழுத்தும் அதன் பொறுப்பும்

கேள்வி: ஆழ்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி சார்பாக வேலை பார்க்கும் பொறியாளர் நான். கிணற்றில் சிமென்ட் போட்டு முடித்ததும் செய்யும் நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போன கிணற்றில், அழுத்தத்தை இறக்கி வால்வை மூடிய பிறகும் டிரில் பைப்பில் (துளையிடும் குழாயில்) மறுபடி அழுத்தம் ஏறியது, கில் லைனில் (அதே கிணற்றோடு இணைந்த பக்கக் குழாயில்) எதுவும் வரவில்லை. ஆபரேட்டர் (கிணற்றை நடத்தும் கம்பெனி) தரப்பு மேலாளர் “இது வழக்கமா வர்றதுதான், பாஸ்னு போடுங்க” என்றார், போட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மனசு கேட்கவில்லை. அடுத்த கிணற்றிலும் இதே ஆட்கள்தான். நாளைக்குக் கசிவு ஏற்பட்டால் பொறுப்பு கம்பெனிக்கா, எனக்கா? கையெழுத்துப் போட மறுக்கலாமா? பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை எல்லாரும் அழித்துவிடச் சொல்கிறார்கள், அழிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் யோசித்து முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை. அழிக்காதீர்கள், ஒரு வரியைக் கூட. போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். அழிக்கச் சொல்லி வந்த செய்தியையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு வெடித்து, டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் 11 பேர் இறந்து, 87 நாள் எண்ணெய் கொட்டிய அந்த விபத்தில் முதன்முதலாகக் கைதானவர் கம்பெனித் தலைவரும் இல்லை, ரிக் மேலாளரும் இல்லை. வெடித்த கிணற்றை அடைக்கும் முயற்சியில் வேலை பார்த்த ஒரு பொறியாளர். ஒரு நாளைக்கு 5,000 பீப்பாய் கசிகிறது என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 15,000க்கு மேல் போகிறது என்று அவர் மேலதிகாரிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அந்த உரையாடலைப் போனிலிருந்து அழித்தார் என்பதுதான் வழக்கே. 2012இல் கைது, 2013இல் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பு, பிறகு ஜூரியில் ஒருவருடைய நடத்தையால் அந்தத் தீர்ப்பு ரத்து, கடைசியில் 2015இல் ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதக் கண்காணிப்புடன் முடிந்தது. கிணறு வெடித்ததற்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை, இருந்தும் மூன்றரை வருடம் போனது. சிமென்ட் போட்ட ஹாலிபர்ட்டன் கம்பெனியும் விபத்துக்குப் பிறகு செய்த கணினிக் கணக்கீடுகளை அழித்த குற்றத்தை 2013இல் ஒப்புக்கொண்டது.

“இன்னும் விசாரணையே வரவில்லையே” என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லலாம். அமெரிக்கச் சட்டத்தில், விசாரணை வரக்கூடும் என்று நினைத்து ஆவணத்தை அழித்தாலே குற்றம், 20 ஆண்டு வரை சிறை உண்டு.

ரிக் எந்த நாட்டுக் கடலில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், ஏனென்றால் எண்ணெய்க் கப்பல் கசிவுகளுக்கு 1992ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தமும் இழப்பீட்டு நிதியும் இருப்பது போல, கடலடிக் கிணறு கசிந்தால் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று உலகம் முழுக்கச் செல்லும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இது பெரிய ஓட்டை. 2009இல் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கடற்பகுதியில் மோண்டாரா கிணறு 74 நாள் கசிந்தபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியக் கடற்பாசி விவசாயிகள் பாதிக்கப்பட்டார்கள், அவர்கள் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் போராடி 2021இல்தான் சாதகமான தீர்ப்பு வாங்க முடிந்தது. ஆகவே நான் இங்கே சொல்வது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டம். உங்களுக்கு நடந்ததைப் போலவே நடந்து, நீதிமன்றம் வரை போய், வரிக்கு வரி அலசப்பட்ட வழக்கு அங்கேதான் இருக்கிறது.

அப்படியே உங்களுக்கு நடந்ததுதான். இந்தத் துறைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிணற்றின் அடியில் உள்ள சிமென்ட் எண்ணெயையும் வாயுவையும் தடுத்து நிறுத்துகிறதா என்று பார்க்க, மேலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் கனமான துளையிடும் சேற்றுக்கு (மட்) பதிலாக லேசான கடல்நீரை வைத்து, அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்ப்பார்கள். சிமென்ட் நன்றாக இருந்தால் அழுத்தம் பூஜ்யத்தில் அப்படியே நிற்கும். ஏறினால் உள்ளே எதுவோ வருகிறது. மக்கோண்டோவில் டிரில் பைப்பில் 1,400 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) ஏறியது, கில் லைனில் பூஜ்யம். உங்கள் கிணற்றில் வந்ததும் அதே வடிவம். அங்கே, மேலே நிற்கும் கனமான சேறு அழுத்துவதால் வருவதுதான் என்று “பிளாடர் எஃபெக்ட்” என்ற பெயரில் ஒரு விளக்கம் சொல்லப்பட்டு, கில் லைனில் வந்த பூஜ்யத்தை வைத்து டெஸ்ட் பாஸ் என்று முடிவு செய்தார்கள். அப்படி ஒரு விளைவு இல்லை என்றே பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

சட்டப்படி இதில் திருப்பம் எங்கே வந்தது என்று பாருங்கள். அன்றிரவு 8:52க்கு ரிக்கிலிருந்த மேற்பார்வையாளர் கரையிலிருந்த பொறியாளரிடம் போனில் பேசியபோது இந்த இரண்டு அளவுகளும் பேச்சில் வந்தன. டிரில் பைப்பில் அழுத்தம் இருக்கும்போது கில் லைனில் பூஜ்யம் வர முடியாதே என்ற பேச்சும் வந்தது. ஆனாலும் யாரும் டெஸ்ட்டைத் திரும்பச் செய்யவில்லை. ஒரு மணி நேரத்தில் வெடித்தது. 2014 செப்டம்பரில் நீதிபதி கார்ல் பார்பியர், அந்தக் கிணற்றை நடத்திய பிபி கம்பெனி நடந்துகொண்டது சாதாரணக் கவனக்குறைவு அல்ல, கடும் கவனக்குறைவு என்று தீர்ப்பளித்தபோது அந்தப் போன் உரையாடலுக்குப் பெரிய இடம் கொடுத்தார். அளவைத் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று. அளவு சரியாக வரவில்லை என்று தெரிந்து, அதைப் பற்றிப் பேசியும்விட்டு, மேலே போவது வேறொன்று. உங்கள் வாட்ஸ்அப் உரையாடல் உங்களை அந்த இரண்டாவது இடத்தில்தான் நிறுத்தும். அதை அழித்தால் இன்னும் மோசமான இடத்தில் நிறுத்தும்.

அப்போது அந்த டெஸ்ட்டை எப்படிச் செய்ய வேண்டும், முடிவை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்ல அமெரிக்க விதிகளில் எதுவும் இருக்கவில்லை, செய்தே ஆக வேண்டும் என்று கூட இல்லை. மேற்பார்வை செய்த அரசு அமைப்பே கிணறுகளிலிருந்து அரசுக்கு வருமானம் வசூலிக்கும் அமைப்பாகவும் இருந்தது. விபத்துக்குப் பிறகு அதைக் கலைத்து, 2011 அக்டோபரில் குத்தகைக்கு ஓர் அமைப்பு, பாதுகாப்புக்கு ஓர் அமைப்பு என்று பிரித்தார்கள். இன்றைக்கு விதி தெளிவாக இருக்கிறது. அழுத்தம் ஏறினாலோ, திரவம் வெளியே வந்தாலோ, டெஸ்ட் தோற்றதற்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டு உடனே காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தோல்விதான் என்று தெரிந்தால் சரிசெய்து, அந்தப் பாதுகாப்பு அமைப்பின் மாவட்ட அதிகாரிக்கு உடனே தெரிவித்து, மறு டெஸ்ட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும். “வழக்கமா வர்றதுதான்” என்று கடந்துபோக அந்த விதியில் இடமே இல்லை.

இனி பொறுப்பு. பணம் வேறு, குற்றம் வேறு, இரண்டையும் கலந்து பயப்படாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 1990ஆம் ஆண்டின் எண்ணெய் மாசுச் சட்டப்படி கிணற்றின் குத்தகைதாரர்தான் முதல் பொறுப்பாளி. சுத்தம் செய்யும் செலவு முழுக்க அவர் தலையில். மற்றவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு முதலில் 7.5 கோடி டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள், பிறகு உயர்த்தினார்கள். ஆனால் கடும் கவனக்குறைவு இருந்தாலோ, பாதுகாப்பு விதி மீறப்பட்டு அதனால் விபத்து நடந்திருந்தாலோ அந்த வரம்பு உடைந்துவிடும். மீறியது குத்தகைதாரரின் கான்ட்ராக்டராக இருந்தாலும் உடையும். மக்கோண்டோவில் பிபிக்கு 67, ரிக் உரிமையாளர் டிரான்ஸோஷனுக்கு 30, ஹாலிபர்ட்டனுக்கு 3 சதவீதம் என்று தவறு பங்கு பிரிக்கப்பட்டது. கம்பெனிகள் தங்களுக்குள் “அடியில் கசிந்தால் உனக்கு, மேலே கசிந்தால் எனக்கு” என்று போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் இழப்பீட்டுக்குச் செல்லும், ஆனால் அரசு விதிக்கும் அபராதத்தை அப்படி இன்னொருவர் தலையில் தள்ள முடியாது என்று 2012இல் அதே நீதிமன்றம் சொன்னது. நார்வேயில் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமதாரரே மாசு நஷ்டத்துக்குப் பொறுப்பு, கான்ட்ராக்டர் மீதோ அவருடைய ஊழியர் மீதோ நேரடியாகக் கேட்க முடியாது. ஆக, எண்ணெய் கொட்டியதற்கான பணத்தை உங்கள் சம்பளத்திலிருந்து யாரும் வசூலிக்கப்போவதில்லை.

குற்ற வழக்கு அப்படி இல்லை. கம்பெனி அபராதம் கட்டும், சிறைக்கு மனிதர்தான் போக முடியும், அதனால் கையெழுத்து யாருடையது என்றுதான் முதலில் தேடுவார்கள். மக்கோண்டோ ரிக்கிலிருந்த பிபியின் இரண்டு மேற்பார்வையாளர்கள் மீது 11 பேரின் மரணத்துக்கும் குற்றச்சாட்டு வந்தது, அடிப்படையே இந்த நெகட்டிவ் டெஸ்ட்தான். மரணக் குற்றச்சாட்டுகள் 2015க்குள் விழுந்துவிட்டன, ஒருவர் மாசு தொடர்பான சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டார், மற்றவரை 2016இல் ஜூரி விடுவித்தது. கான்ட்ராக்டர்களுக்குச் சாதகமாகவும் ஒரு தீர்ப்பு உண்டு: 2012இல் நடந்த வேறொரு கடல் மேடை வெடிப்பில், கடலடி நிலச் சட்டத்தின் பாதுகாப்பு விதிகளை மீறியதற்காகக் கான்ட்ராக்டர் மீது குற்ற வழக்குப் போட முடியாது என்று ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொன்னது. இதை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள். பொய்யான பதிவு எழுதி அரசு அதிகாரியிடம் காட்டுவது தனிக் குற்றம், அதில் கான்ட்ராக்டர், ஆபரேட்டர் என்ற பேதமே கிடையாது.

“பாஸ் இல்லாவிட்டால் என்ன, அடியில் பிஓபி (வெடிப்பைத் தடுக்கக் கிணற்று வாயில் பொருத்தும் வால்வுத் தொகுதி) இருக்கிறதே” என்ற பேச்சும் ரிக்கில் ஓடும், எனக்குத் தெரியும். மக்கோண்டோவிலும் பிஓபி இருந்தது. பைப்பை வெட்டிக் கிணற்றை மூட வேண்டிய பிளேடுகளுக்கு நடுவே பைப் வளைந்து ஓரமாக நின்றதால், முழுசாக வெட்டவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. 1,500 மீட்டர் ஆழத்தில் மூழ்கி வீரர் இறங்க முடியாது, எல்லாமே ரிமோட் வாகனங்களால்தான். கசிவின் மேல் பெரிய இரும்புக் கூண்டு ஒன்றை இறக்கினார்கள். அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் வாயுவும் நீரும் சேர்ந்து பனி மாதிரி ஹைட்ரேட்டாக உறைந்து கூண்டை அடைத்துக்கொண்டது. மேலிருந்து கனமான துளையிடும் சேற்றை வேகமாக உள்ளே தள்ளிப் பார்த்தார்கள், அதுவும் தோற்றது. மேலே ஒரு மூடியைப் பொருத்தி ஜூலை 15இல்தான் கசிவு நின்றது. எவ்வளவு கொட்டியது என்பதைக்கூட யாராலும் அளக்க முடியவில்லை: அரசு 49 லட்சம் பீப்பாய் என்றது, நீதிமன்றம் கடலில் கலந்தது 31.9 லட்சம் என்று முடிவு செய்தது. அபராதம் பீப்பாய்க்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால் அந்த வித்தியாசத்துக்காகவே வருடக்கணக்கில் வழக்காடினார்கள். ஆழ்கடலில் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்பதே கிடையாது. உங்கள் டெஸ்ட்தான் கடைசியாக நின்று யோசிக்கக் கிடைக்கும் இடம். அதனால்தான் உங்கள் கையெழுத்துக்கு இவ்வளவு கனம்.

மறுக்கலாமா? தாராளமாக. அமெரிக்கக் கடலில் ஒவ்வொரு ஆபரேட்டரும் வைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு நிர்வாகத் திட்டப்படி, உடனடி ஆபத்து இருந்தால் ரிக்கிலுள்ள எவரும், கான்ட்ராக்ட் ஊழியர் உட்பட, பழிவாங்கலுக்கு அஞ்சாமல் வேலையை நிறுத்தலாம், சொன்ன வேலையைச் செய்ய மறுக்கலாம். அதை உரிமையாக மட்டும் இல்லை, கடமையாகவும் அந்த விதி சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 உத்தரவு, பெயர் வெளியே வராமல் புகார் செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது. வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் என்னால் உறுதி தர முடியாது. அடுத்த கிணற்றுக்குக் கூப்பிடாமல் விட்டால், அது பழிவாங்கல்தான் என்று நிரூபிப்பது கஷ்டம். அதனால் மறுப்பதை வாயால் மட்டும் செய்யாதீர்கள். அன்றே, அந்த இடத்திலேயே, மின்னஞ்சலில் எழுதுங்கள், உங்கள் சொந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிக்கும் அதில் நகல் போகட்டும்.

எழுதும்போது விளக்கம் எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எந்தக் குழாயில், எத்தனை பிஎஸ்ஐ, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறியது, எத்தனை பீப்பாய் திரும்பி வந்தது, யார் என்ன முடிவு செய்தார். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், “அளவுகளுக்குச் சாட்சியாக மட்டும், பாஸ் என்ற முடிவுக்கு நான் உடன்படவில்லை” என்று கைப்பட எழுதி அதன் கீழே போடுங்கள். டெஸ்ட் தொடங்கும் முன்பே, எது வந்தால் பாஸ், எது வந்தால் ஃபெயில் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது இன்னும் நல்லது. அளவு வந்த பிறகு அளவுகோலை மாற்றினார்கள் என்றால் அது ஆவணத்திலேயே தெரிந்துவிடும்.

போன கிணற்றை அப்படியே விட்டுவிட வேண்டாம். ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள், இன்றுவரை ஆகவில்லை என்பதுதான் சரி. அந்த சிமென்ட் கடலடியில் இன்னும் அங்கேதான் இருக்கிறது, தற்காலிகமாக மூடிவைத்த கிணறு என்றால் நாளைக்கு இன்னொரு ரிக் வந்து அந்த ரிப்போர்ட்டை நம்பித் திறக்கும். பழைய ரிப்போர்ட்டைத் திருத்தாதீர்கள், தேதியை மாற்றாதீர்கள். அந்த அளவுகளை மறுபடி ஆராய வேண்டும் என்று இன்றைய தேதியிட்டுப் புதிய குறிப்பு ஒன்று கொடுங்கள். ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன், ரிக் நிற்கும் நாட்டில் வழக்காடும் உரிமை உள்ள ஒரு குற்றவியல் வக்கீலை உங்கள் சொந்தச் செலவில் பாருங்கள். அந்தக் குறிப்பே உங்களுக்கு எதிரான ஒப்புதலாகவும் படிக்கப்படலாம், அதன் வாசகத்தை அவர்தான் பார்க்க வேண்டும். கம்பெனி வக்கீல் அன்பாகத்தான் பேசுவார், ஆனால் அவருடைய கட்சிக்காரர் கம்பெனி. நீங்கள் அவரிடம் சொல்வதை ரகசியமாக வைத்திருப்பதா, அரசிடம் கொடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமையும் கம்பெனிக்குத்தான்.