தாத்தாவின் தட்டுப் பெட்டி: விற்கலாமா, மேலும் வாங்கிச் சேர்க்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். மேகசின் பேரக்ஸில் குடியிருந்து நகராட்சியில் வேலை பார்த்த என் தாத்தா விட்டுப்போன தகரப் பெட்டியில் 63 கிராமபோன் தட்டுகள் இருக்கின்றன. ஒரு பழம்பொருள் வியாபாரி மொத்தத்துக்கும் 2,500 ரேண்ட் தருவதாகச் சொல்கிறார். இணையத்திலோ கே. பி. சுந்தராம்பாள் தட்டு ஒன்றுக்கே 1,800 ரேண்ட் கேட்கிறார்கள். விற்றுவிடலாமா, அல்லது இதே போன்ற தட்டுகளை வாங்கிச் சேர்க்கத் தொடங்கலாமா? செலவுக்குத் தகுமா? வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் 84 வயதான என் அத்தை ஒருவர்தான்.

பதில்: இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் இரண்டில் எதைச் செய்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

முதலில் இணையத்தில் நீங்கள் பார்த்த விலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒருவர் கேட்கும் விலை. யாராவது கொடுத்த விலை அல்ல. எஸ். ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடிய தட்டுகள் அந்தக் காலத்தில் வீடுதோறும் போய்ச் சேர்ந்தவை. கிட்டப்பா 1933-இல் மறைந்த பிறகும் அவர் குரல் தட்டுகளில் விற்றுக்கொண்டே இருந்தது. அப்படிப் பரவலாக விற்றவை இன்றும் பல வீடுகளில் கிடக்கின்றன. பழையது வேறு, புகழ்பெற்றது வேறு, அரியது வேறு. யாரும் அதிகம் வாங்காத பாடகரின் தட்டுதான் பெரும்பாலும் அரிதாகிறது. இந்தத் தட்டுகளை அரக்குக் கலவையில்தான் வார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அந்த அரக்குக்குத் தட்டுப்பாடு வந்து, பழைய தட்டுகளை வாங்கி உடைத்துப் புதுத் தட்டு வார்த்த நாடுகள் பல. விற்காமல் கிடந்தவை அப்போதே தூளாகிவிட்டன.

விலையோ அரிதாக இருப்பதை மட்டும் பார்த்து ஏறுவதில்லை. வாங்க ஆள் வேண்டும். உங்களிடம் இருப்பதைப் போல நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய வகைத் தட்டை 78 தட்டு என்போம். 1960-களில் இந்தியாவில் வார்த்த, பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் 78 தட்டுகளுக்கு உலகமெங்கும் போட்டி இருக்கிறது. மேற்கத்திய நாடுகளில் 78 தட்டு வழக்கொழிந்த பிறகும் இந்தியாவில் அது தொடர்ந்ததுதான் காரணம். அதைவிட அரிதான ஒரு நாதசுரத் தட்டைத் தேடி வருபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே முதலீடு என்ற எண்ணத்தில் தமிழ்த் தட்டுகளை வாங்காதீர்கள். விற்க நினைக்கும் நாளில் வாங்குபவர் கிடைக்கமாட்டார்.

அப்படியென்றால் பணம் செலவழிப்பதே வீணா? இல்லை. எதற்குச் செலவழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், டர்பனுக்கு வடக்கே கரும்புத் தோட்டப் பகுதியாக இருந்த மவுண்ட் எட்ஜ்கம்பில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் இளமையில் தெருக்கூத்தில் சந்திரமதி வேடம் கட்டியவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் ஆடியவர். அரிச்சந்திரன் நாடகம் பல தட்டுகளில் பதிவாகி ஒரு செட்டாக வந்ததை அவருடைய தகப்பனார் வாங்கி வைத்திருந்தார். முதல் தட்டுகள் கறுப்பாகப் பளபளத்தன. மயான காண்டம் வரும் தட்டு மட்டும் சாம்பல் நிறத்தில் வெளிறிப்போயிருந்தது. அதன் லேபிளில் ஒரு மஞ்சள் கோடு, மாட்டுக்குப் போடும் அடையாளம் போல. “ஊசியை அங்கே வைத்தால் புலம்பல் ஆரம்பிக்கும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பாடம் செய்தேன்” என்றார். எழுத்துத் தமிழ் தெரியாத பிள்ளை, மூன்று நிமிடத் தட்டிலிருந்து முழு வேடத்தையும் பிடித்திருக்கிறார்.

அந்தத் தட்டுக்குச் சந்தையில் விலையே இல்லை. ஊசி ஓடும் வரிப்பள்ளம் தேய்ந்து வெளிறியது என்றால் சேகரிப்பவர் ஒதுக்கிவிடுவார். எனக்கோ அந்த வீட்டில் அதுதான் முதன்மையான தட்டு. கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் எந்தப் பாட்டு திரும்பத் திரும்ப ஒலித்தது என்பதை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. சந்தை எதற்காக விலையைக் குறைக்கிறதோ, நமக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் பெட்டியில் தேய்ந்த தட்டு எது, தேயாத தட்டு எது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இனவெறிச் சட்டங்களை எதிர்த்து 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. 1990-களில்தான் அந்தத் தடை நீங்கியது. சென்னைச் சரக்கு டர்பன் துறைமுகத்துக்கு நேராக வந்த வழி அடைபட்டது. நான் திறந்து பார்த்த பெட்டிகளில் 1930-களின் தட்டுகள் நிறைய இருக்கும். அதற்குப் பிந்தியவை கொஞ்சம்தான், அவையும் சுற்றுவழியில் வந்தவை. பிறகு, இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் மேகசின் பேரக்ஸையும் கேட்டோ மேனரையும் காலி செய்து மக்கள் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்ந்தார்கள். லாரியில் ஏற்றிய தட்டுகளில் எத்தனையோ வழியிலேயே நொறுங்கின. உங்கள் தாத்தாவின் 63 தட்டுகளும் அந்தப் பயணத்தைத் தாண்டி வந்திருக்கின்றன.

பெட்டியில் முதலில் தேட வேண்டியது டர்பனிலேயே பதிவானவற்றை. 1950, 60-களில் நம் ஊர் இந்திய இசைக்குழுக்கள் தட்டு வெளியிட்டிருக்கின்றன. சென்னையில் வெளியான தட்டுக்குச் சென்னையில் இன்னொரு படி கிடைக்கும். இங்கே சிறிய அளவில் வார்த்ததற்கு உங்கள் பெட்டியைத் தவிர வேறெங்கும் இன்னொரு படி இல்லாமல் போகலாம். அடுத்து, முழு நாடக செட். ஒரு தட்டுகூடக் குறையாமல் இருந்தால் அதைப் பிரிக்கவே கூடாது. மூன்றாவதாக, 1925-க்கு முற்பட்ட பதிவுகள். அந்த ஆண்டில்தான் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை உலகில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பாடகர்கள் ஒரு தகரக் குழலின் வாய்க்குள் முகத்தை வைத்து உரக்கப் பாடினார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான். ஆலாபனையையே ஒரு மணி நேரம் செய்யக்கூடியவர்கள் ராகத்தின் உயிரை மட்டும் எடுத்து அந்த மூன்று நிமிடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். இதை ஒரு தடவை கேட்டவர்கள் விலை பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

வியாபாரியின் 2,500 ரேண்டுக்கு வருவோம். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. தட்டு ஒன்றுக்கு 40 ரேண்ட் என்பது சாதாரண 78 தட்டுக்கு மோசமான விலை அல்ல. ஆனால் அவர் கண்ணில் பட்ட நல்ல தட்டுகள் எவை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கம்பெனிப் பெயர், லேபிளில் உள்ள எண், பாடியவர், பாட்டின் முதல் வரி, லேபிளை ஒட்டிய வழுவழுப்பான பகுதியில் பொறித்திருக்கும் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். காகித உறையைத் தூக்கி எறியாதீர்கள். கிரே ஸ்ட்ரீட் கடை முத்திரை இருந்தால் அதுவும் சரித்திரம்தான். பட்டியலைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். அவர்களிடம் கிராமபோன் தட்டுத் தொகுப்பு இருக்கிறது. இங்கே வெஸ்ட்வில்லில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தையும் கேளுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் கேட்கும் கருவிக்குச் செலவழியுங்கள். சூட்கேஸ் வடிவத்தில் விற்கும் மலிவான பிளேயரில் இந்தத் தட்டுகளைப் போடவே கூடாது. 78 வேகம் உள்ள நல்ல டர்ன்டேபிளும் 78-க்கு உரிய ஊசியும் வேண்டும். பின்னாளில் வந்த வினைல் தட்டான எல்பிக்கு உரிய ஊசியைவிட அதன் முனை மூன்று நான்கு மடங்கு பருமன். எல்பி ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் பாடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு நான்கு சுற்றுக்குச் சற்று மேல் மாறினால் அரைக்கட்டை சுருதி மாறிவிடும். ஒரு நாதசுரத் தட்டு என் வீட்டில் நெடுநாள் கீச்சென்றே ஒலித்தது. ஒத்தின் சுருதியைப் பிடித்துக்கொண்டு வேகத்தை மெல்லக் குறைத்தபோது ஓரிடத்தில் அந்தத் தோடி அப்படியே அமர்ந்தது.

சுத்தம் செய்வதில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். எல்பி துடைக்கும் ஸ்பிரிட்டைப் போட்டு 78 தட்டு ஒன்றைத் துடைத்தேன். அரக்கு கரைந்து பஞ்சில் கறுப்பாக வந்தது, அந்தக் குரலும் அதோடு போயிற்று. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மெல்லிய தூரிகையால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது. வடித்த நீரில் அலசி, நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தூசியை ஒட்டவைக்கும் வேலை. நம் கடற்கரைக் காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும் என்பதால் தகரப் பெட்டியில் அடுக்கி மூடி வைக்காதீர்கள். அலமாரியில் நிமிர்த்தி, சாய்ந்துவிடாமல் தடுப்பு வைத்து, வெயில் படாத அறையில் வையுங்கள். பத்து அங்குலத் தட்டு ஒவ்வொன்றும் 200 கிராம் அளவுக்கு இருக்கும். 63 தட்டும் சேர்ந்தால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல். பலகை தாங்க வேண்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகும் வாங்க ஆசை இருந்தால் வாங்குங்கள். ஆனால் கண்ணால் பார்த்து, கையில் எடுத்து வாங்குங்கள். மண்சட்டி வாங்கும்போது சுண்டிப் பார்ப்போம் அல்லவா, அதே சோதனைதான். துளை வழியாக விரலில் தொங்கவிட்டு விளிம்பை மெதுவாகச் சுண்டினால் நல்ல தட்டு மணியாக ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் பொத்தென்று கேட்கும். கடல் கடந்து வரவழைத்த என் முதல் தட்டு இரண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த 1,800 ரேண்டோடு தபால் செலவு, 15 விழுக்காடு வாட் வரி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு ஊசியும் உறைகளும் வாங்கிவிடலாம். நூறு ஆண்டைக் கடந்த சரித்திர மதிப்புள்ள பொருள்களை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. மிகப் பழைய தட்டு என்று யாராவது அங்கிருந்து அனுப்ப முன்வந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

நீங்கள் எழுதியதில் அவசரமானது ஒன்றுதான், அது உங்கள் அத்தை. தட்டு இன்னும் ஐம்பது ஆண்டு பொறுத்திருக்கும். எந்தப் பாட்டை யார் கேட்டார், எந்தக் கல்யாணத்தில் போட்டார்கள், உறையில் பென்சிலால் எழுதியிருப்பது யாருடைய பெயர் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இந்தச் சனிக்கிழமையே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு தட்டாகக் கையில் கொடுத்து, லேபிளை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒரே நாளில் பத்துத் தட்டுக்கு மேல் வேண்டாம், அவருக்குக் களைப்பாகிவிடும். தேய்ந்து வெளிறியவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.